பிரதி வேறிடத்தில் இருக்கட்டும்

"கணக்கெல்லாம் கம்பியூட்டரில் பத்திரமாக இருக்கிறது" என்று வியாபாரிகள் கூறும்போது, "அதன் பிரதி எங்கே?" என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் அதே மேசை லாச்சியில்தான் இருக்கும்.

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவீஎச் நிறுவனத்தின் தரவு மையமொன்று தீக்கிரையானது. வேறு நகரில் பிரதி வைத்திருந்தவர்கள் அதைப் புதிய சேர்வரில் ஏற்றித் தொழிலைத் தொடர்ந்தனர். அதே கட்டடத்தில் பிரதி வைத்திருந்தவர்களோ இரண்டையும் இழந்தனர்.

ஆபத்து தீ மட்டுமல்ல. 2023 ஆகஸ்டில் நமது அரச கிளவுட் தாக்கப்பட்டபோது, இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை.

எனவே நான் சொல்வது இதுதான். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். தினமும் கடை மூடுமுன் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். மறுநாள் மற்றையதைப் பாவியுங்கள். வாரமொருமுறை மட்டும் பிரதி எடுப்பவர், ஒரு வாரக் கொடுக்கல் வாங்கலை இழக்கத் துணிந்தவராவார்.

மாதமொருமுறை அப்பிரதியை வேறொரு கம்பியூட்டரில் ஏற்றிப் பாருங்கள். முதலில் கடன் பாக்கி, அடுத்து சரக்கிருப்பு, பின்னர் ஏனையவை. எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் குறித்து வையுங்கள். கணக்கு மென்பொருளும் கடவுச்சொல்லும் கூட வெளியே இருக்க வேண்டும். அவையின்றிப் பிரதி திறக்காது.

ஏற்றிப் பார்க்காத பிரதியை நம்பிக் கடனுக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள்.