பழைய ஏசியின் வாயு

வயலை விட்டு இடம்பெயர்ந்து, கல்முனைப் பக்கம் ஏசி வேலை பழகும் எமது பிள்ளைகளுக்கு இப்பாடம். வெளிப்பெட்டியை மாற்றுகையில் குழாயைக் கழற்றி வாயுவைக் காற்றில் விடக்கூடாது. பழைய ஏசிகளிலுள்ள ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும். அதன் திரவம் தெறித்தால் கை உறைந்து புண்ணாகும். ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இலேயே சேர்ந்தது.

கம்பிரசர் வேலை செய்தால், குளிரூட்டும் நிலையில் ஓடவிட்டு மெல்லிய குழாயின் வால்வை மூடுவோம். மானி பூச்சியத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்துவோம். வாயு வெளிப்பெட்டிக்குள் அடைபடும். அப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்தால், வெட்டும்போது எல்லாம் வெளியேறிவிடும். பிறகு பட்ட பாடு எதற்கு? மீட்பு இயந்திரத்தால் சிலிண்டருக்கு ஏற்றிய பின்பே கொடுக்க வேண்டும். கம்பிரசர் பழுதானாலும் இதுவே வழி. சிலிண்டரை ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. வெயிலில் திரவம் விரிந்து வெடிக்கலாம்.