அண்மையிற் படித்த நாவல்கள் சில

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன், கீழ்பென்னாத்தூர்)

இலக்கியம் கற்பார்க்குக் கடன் இரண்டு உள. ஒன்று, முன்னோர் செய்து வைத்ததை மதித்தல். மற்றொன்று, தாம் படித்து உணர்ந்ததை ஒளியாது உரைத்தல். நம் வகுப்பறைகளில் முதற்கடன் நன்கு நிறைவேறுகின்றது. இரண்டாவது பெரும்பாலும் தேர்வுத்தாளின் அச்சத்தால் வாயடைத்து நிற்கின்றது. ஒரு நாவலைப் படிக்கு முன்னரே அது சிறந்ததென்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவியிருத்தலை யாவரும் அறிவர். மதிப்பு என்பது பிறரிடமிருந்து கடனாகப் பெறத்தக்க பொருளன்று. ஆகலின், சென்ற விடுமுறையில் யான் படித்த ஐந்து நாவல்களைப் பற்றி என் உள்ளத்திற் பட்டவாறே ஈண்டுக் கூறத் துணிகின்றேன். ஆன்றோர் பொறுப்பாராக, மாணவ நண்பர்கள் மறுத்துரைப்பாராக.

கருத்துரைப்பதற்கு அளவுகோல் வேண்டும். அஃதில்லாத புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒரு தன்மையனவே. யான் கொண்ட அளவுகோல் மூன்று. கதைமாந்தர் தம் வாயாற் பேசுகின்றனரா, அன்றி ஆசிரியர் வாயாற் பேசுகின்றனரா என்பது முதலாவது. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றினின்று பிறக்கின்றதா, அன்றி வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டப்பட்டதா என்பது இரண்டாவது. நூலை மூடிய பின்னர் நம் தெருவையும் நம் வீட்டையும் நோக்கும் கண் சிறிதேனும் மாறியதா என்பது மூன்றாவது. இவற்றோடு எங்கள் வீட்டில் மற்றொரு தேர்வும் உண்டு. மாலையில் மல்லாட்டை உரிக்கும்பொழுது என் ஆயாவுக்கு யான் கதை படித்துக் காட்டுவது வழக்கம். அவர் எழுத்தறியார், எனினும் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தை விடிய விடியக் கண்டு வளர்ந்த செவி அவருடையது. கதை தளருமிடத்து அவர் தலையும் தளரும். இதனினும் நேர்மையான திறனாய்வு வேறு யாது?

1. பிரதாப முதலியார் சரித்திரம்

மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையவர்கள் இயற்றிய இந்நூல் 1879-ஆம் ஆண்டு அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படுவது இதுவே. ஆசிரியர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஆயினும் தம் சமயத்தைப் புகுத்துதற் பொருட்டு இக்கதையை எழுதினாரல்லர். தமிழில் உரைநடை நூல்கள் போதா என்னும் குறையைத் தீர்ப்பதே அவர் நோக்கம்.

முதல் நூல் என்னும் மதிப்பை ஒருபால் வைத்து நோக்கின், இதனை நாவல் என்பதினும் கதைக்களஞ்சியம் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. பிரதாபன் ஓரடி நடந்தால் ஒரு கிளைக்கதை எதிர்ப்படுகின்றது. எவர் வாய் திறப்பினும் நீதி வருகின்றது. ஞானாம்பாள் பேசினும், சுந்தரத்தண்ணி பேசினும், பின்னே முன்சீப் அவர்களின் குரலே கேட்கின்றது. என் ஆயா இரண்டு இடங்களில் உறங்கினார். இரண்டும் அறிவுரைப் பகுதிகளே.

ஆனால், அவர் விழித்துச் சிரித்த இடங்களோ பலவாகும். செல்வச் சிறுவனாகிய பிரதாபன் பாடத்திற் பிழை செய்தால், அவனுக்குப் பதிலாக உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளை கனகசபை அடிபடும் ஏற்பாட்டைப் படித்தபொழுது, "அந்தக் காலத்துல மட்டுமா அப்படி? இப்பவும் அடி வாங்கறது எளைச்சவன்தான்" என்றார். நகைச்சுவைக்குள் ஆசிரியர் வைத்த முள் நூற்றைம்பது ஆண்டினை நெருங்கியும் மழுங்கவில்லை.

இதனினும் வியப்பானது ஞானாம்பாளின் ஏற்றம். ஆணுடை பூண்டு விக்கிரமபுரிக்கு வரும் அவளை யானை மாலையிட்டு அரசாக்குகின்றது. நிகழ்ச்சி நம்பத்தக்கதன்று, யானை மாலையிடுதல் பழங்கதை மரபு. எனினும், பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில், கணவன் சிறையிலிருக்க மனைவி நீதி வழங்கும் காட்சியை ஒரு நீதிபதி எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீதிமன்றங்களில் மக்கள் மொழியாகிய தமிழே வழங்குதல் வேண்டும் என்று வாதிக்கும் பகுதியும் இந்நூலில் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழும் வழக்காடு மொழியாதல் வேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் எழுந்துகொண்டிருத்தலின், அப்பகுதி பழையதாயிற்று என்று தள்ளுதற்கில்லை. எனவே, கதைக்கட்டில் இந்நூல் தளர்ந்தது; கருத்திற் காலத்தை முந்தியது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதலே இதற்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதை.

2. கமலாம்பாள் சரித்திரம்

வத்தலக்குண்டு இராஜம் ஐயர் இந்நாவலை 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதினார்; 1896-இல் அது நூலாயிற்று. அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். எழுதத் தொடங்கியபொழுது அவருக்கு வயது இருபத்தொன்றளவே. 1898-இல் இருபத்தாறாம் வயதில் மறைந்தார். நம்மினும் ஓரிரண்டாண்டே மூத்த ஒருவர் இதனைச் செய்தார் என்னும் எண்ணம், படிக்கும்பொழுதெல்லாம் என்னை நாணச்செய்தது.

இங்கே மாந்தர் தம் வாயாற் பேசுகின்றனர். சிறுகுளம் என்னும் சிற்றூரில் முத்துஸ்வாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் வாழும் வாழ்க்கை, நாம் சாளரத்தின் வழியே காண்பது போல விரிகின்றது. பெண்கள் கூடி வம்பளக்கும் அவையை ஆசிரியர் தீட்டியுள்ள திறம் தனிச் சிறப்புடையது. ஒருவர் தொடுத்த சொல் பத்து வாய்களிற் புகுந்து, பெருகி, ஒரு குடும்பத்தைக் கெடுக்கும் அபவாதமாய் விளைவதை அவர் காட்டும்பொழுது, நிகழ்ச்சியினின்று நிகழ்ச்சி பிறத்தல் யாதென விளங்குகின்றது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப்பண்டிதரைக் கண்டு தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய நாம் சிரிக்கவும் வேண்டும். சிறிது அஞ்சவும் வேண்டும். உலகத்தின் நடுவே நின்றும் செய்யுளினின்று தலை நிமிராத அவர், கண்ணாடியில் நம் முகத்தையே காட்டுகின்றார்.

பிற்பகுதியில் எனக்கு மனநிறைவு இல்லை. பொருளிழந்து மனம் நொந்த முத்துஸ்வாமி ஐயர் ஊரை நீங்கிக் குருவை அடைகின்றார். கதை வேதாந்தத்தில் இறங்குகின்றது. வேதாந்தம் என்பதனால் யான் குறை கூறவில்லை. அவ்விடத்தில் கிறிஸ்தவப் பிரசங்கம் வந்திருப்பினும் இதனையே கூறுவேன். துன்பத்தை ஆழ்ந்து காட்டிய கை, அத்துன்பத்துக்கு விடையை விரைந்து வழங்குகின்றது. கமலாம்பாள் பட்ட பாட்டுக்கு அவள் கணவர் பெற்ற ஞானம் ஈடாகுமா என்னும் வினாவை நூல் வினவவில்லை, படிப்போர் வினவுவர்.

3. பத்மாவதி சரித்திரம்

மாதவையாவும் அக்கல்லூரியின் மாணவரே. இராஜம் ஐயரைப் போலவே 1872-இற் பிறந்தவர். இந்நாவலின் முதற்பாகம் 1898-இல் வெளிவந்தது. உப்புத்துறையில் அலுவல் பார்த்துக்கொண்டே எழுதியவர் இவர். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் அவையில், பட்ட வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்குதல் வேண்டும் என்று பேசி அமர்ந்த அப்பொழுதே உயிர்நீத்தார் என்பது தமிழ் மாணவர் மறக்கலாகாத செய்தி.

மாதவையாவின் நடை இராஜம் ஐயரின் நடையினும் வறண்டது, நகைச்சுவையும் குறைவு. ஆயினும் அவருக்கு ஒரு துணிவு உண்டு. தம் சமூகத்தின் நோயைப் பிறர் காண மறைத்தல் அன்பாகாது என்பது அவர் கொள்கை. படித்த இளைஞனாகிய நாராயணன் தன் மனைவியை ஐயுறும் பகுதியைப் படித்துப் பாருங்கள். பட்டம் பெற்ற அறிவு ஐயத்தின் முன் எத்துணை விரைவில் தோற்றோடுகின்றது! கல்லூரிப் படிப்பு மனிதனை முழுவதும் மாற்றிவிடும் என்று நம்புவோர்க்கு இப்பகுதி நல்ல மருந்து. பால்ய விதவையர் துயரை எழுதிய 'முத்துமீனாட்சி'யும், தஞ்சையினின்று பாளையங்கோட்டைக்கு வந்து திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தாவின் வரலாற்றைத் தழுவி 1915-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் இத்துணிவின் கனிகளே. தம் சமயத்தினள் அல்லாத ஒருத்தியின் நம்பிக்கையைப் பரிவுடன் எழுதுதல் எளிதன்று. நம்மவர் பிற சமயத்தாரை எழுதும்பொழுது அவ்வளவு பரிவு காட்டுகின்றோமா என்று நாம் நம்மை வினவிக்கொள்வது நன்று.

4. புத்தம் வீடு

1964-இல் வெளிவந்த இந்நாவல் ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையார் இயற்றியது. அம்மையார் ஆங்கிலப் பேராசிரியர். கணவரோடு இணைந்து தமிழிலக்கிய வரலாறொன்றை ஆங்கிலத்தில் எழுதியவர். களம், குமரிப்பக்கத்துப் பனைவிளைக் கிறிஸ்தவச் சிற்றூர். வாழ்ந்து கெட்ட குடும்பத்துப் பெண்ணாகிய லிஸியும், பனையேறியின் மகனாகிய தங்கராஜும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஒரே கோயிலில் மண்டியிடுவோரிடையே மரம் உடையவர், மரம் ஏறுபவர் என்னும் வேலி நிற்கின்றது. கதை இவ்வளவே.

இந்நூலில் என்னைக் கவர்ந்தது அதன் அடக்கம். பருவமெய்தியவுடன் லிஸியின் படிப்பு நிறுத்தப்படுகின்றது. ஆசிரியை அதனைக் கண்டித்து ஒரு பத்தியும் எழுதவில்லை. வீட்டின் நான்கு சுவர்களைக் காட்டுகின்றார். அங்கே நாட்கள் கழிவதைக் காட்டுகின்றார். நமக்கு மூச்சு முட்டுகின்றது. ஞானாம்பாளை அரசாக்கிப் பெண்ணுயர்வு கூறினார் வேதநாயகர். லிஸியை வீட்டுக்குள் இருத்தி அதனினும் வலிமையாகக் கூறினார் இவ்வம்மையார். எண்பத்தைந்து ஆண்டுகளில் தமிழ் நாவல் கற்ற பாடம் இதுவென்பேன்.

குறையும் உண்டு. கொலையும் சிறையும் கதைக்குள் வந்தபின் நடை விரைகின்றது. அதுகாறும் தாமே மெல்ல நடந்த மாந்தர், முடிவை நோக்கி இழுக்கப்படுகின்றனர். மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தென்கோடிப் பேச்சு எங்கள் வட்டாரத்துக்குப் புதிது. என் ஆயா பலமுறை "என்ன சொல்றாங்க?" என்று வினவினார். ஆனால் உறங்கவில்லை. சொல் விளங்காதபோதும் துயரம் விளங்கிற்று.

5. கோவேறு கழுதைகள்

இமையம் அவர்கள் எழுதி 1994-இல் வெளிவந்த இந்நாவலைக் கடைசியில் வைத்தமைக்குக் காரணம், இதன்பின் வேறொன்றைப் பற்றி எழுத மனம் இசையாமையே. தாழ்த்தப்பட்டோர்க்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பம் ஒன்றின் கதை இது. ஆரோக்கியமும் அவள் கணவன் சவுரியும் கத்தோலிக்கர். வீடுதோறும் சென்று அழுக்குத் துணி எடுப்பதும், மாலையில் சோறு வாங்குவதும், பிள்ளைப்பேறு முதல் சாவு வரை ஊருக்கு உழைப்பதும் ஆரோக்கியத்தின் வாழ்க்கை. ஒடுக்கப்பட்டாரும் தமக்குக் கீழே ஒருவரை வைத்திருக்கின்றனர் என்னும் கசப்பான உண்மையை இந்நூல் சொல்கின்றது. இது வெளிவந்த காலத்தில் எழுந்த விவாதமும் இதனைப் பற்றியதே. உட்பகையை வெளிப்படுத்துதல் ஒடுக்குவோர்க்கே துணையாகாதோ என்று சிலர் வினவினர். அவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. எனினும், ஆரோக்கியத்தின் கூடையை மறைத்து வைத்துவிட்டு எழுப்பப்படும் சமத்துவம் யாருக்குச் சமத்துவம்? மாதவையாவின் துணிவு நன்றென்று கொண்டோமாயின் இதனையும் நன்றென்றே கொள்ளவேண்டும்.

மூன்று அளவுகோலிலும் இந்நூல் வெல்கின்றது என்பது என் முடிபு. ஆரோக்கியத்தின் பேச்சும் புலம்பலும் அவளுடையனவே. ஆசிரியர் குரல் எங்கும் இடைபுகவில்லை. இதன் வழக்கு எங்கள் பக்கத்து வழக்குக்கு நெருங்கியதாகலின், ஆயா உரித்த கையை நிறுத்திக் கேட்டார். முடிவில், "இவ எங்க ஊர்ல இருந்தா, பேருதான் வேற" என்றார். அதன்மேல் யான் கூறத்தக்க திறனாய்வு யாதுமில்லை. குறை ஒன்றுண்டெனின், துன்பத்தின்மேல் துன்பம் அடுக்கப்படுதலின், இடையில் மூச்சுவிட இடமில்லை என்பதே. ஆனால் அவ்வாழ்க்கையில் அவர்க்கே அவ்விடம் இல்லாதபொழுது படிப்போர்க்கு மட்டும் எவ்வாறு கிட்டும்?

கிறிஸ்தவ மாணவனாகிய எனக்கு இந்நூல் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. ஆரோக்கியத்துக்குக் கோயில் உண்டு, செபம் உண்டு, பிள்ளைகளுக்குத் திருப்பெயர்கள் உண்டு. ஆயினும் அவள் தலைச்சுமை இறங்கவில்லை. பெயர் மாறியது, தொழில் மாறவில்லை. திருச்சபையின் நூற்றாண்டு மலர்கள் பலவும் கூறாத செய்தியை ஒரு நாவல் கூறுகின்றது. இதனைப் பகையாகக் கொள்ளாது சாட்சியாகக் கொள்ளுதலே தக்கது.

முடிவுரை

இவ்வைந்தினையும் வரிசையாக வைத்து நோக்கின் ஒன்று புலனாகின்றது. தமிழ் நாவல் அறிவுரையிற் பிறந்தது. படிப்படியாக அறிவுரையைக் குறைத்து, காட்சியைப் பெருக்கி வந்துள்ளது. ஆசிரியர் பேசுதல் குறையக் குறைய, அதுவரை பேசாதிருந்தோர் பேசத் தொடங்கினர். முதலில் பெரிய வீட்டுப் பெண்கள்; பின்னர் பனைவிளைப் பெண்; அதன் பின்னர் துணி வெளுப்பவள். இன்னும் பேசாதார் எத்துணையரோ!

நண்பர்காள்! இக்கருத்துக்களுள் எதனையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டா. நூல்களை எடுத்துப் படியுங்கள். இயலுமாயின், எழுத்தறியாத ஒருவர்க்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்கே அவர் உறங்குகின்றார், எங்கே கையை நிறுத்துகின்றார் என்று பாருங்கள். அதன் பின்னர், யான் கூறியது தவறென்று தோன்றின், அடுத்த ஆண்டு மலரில் மறுத்தெழுதுங்கள். அம்மறுப்பே இக்கட்டுரை வேண்டும் பயன்.