கேஸ் எங்கே போயிற்று?
மோட்டார் வண்டியின் குளிரூட்டியும் வெப்பமூட்டியும்: இயக்கமும் பாதுகாப்பான பராமரிப்பும்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் முழுகிவிட்டு ஈர உடையோடு கரையேறுகிறவரைப் பாருங்கள். வெயில் தகிக்கும் நாளாக இருந்தாலும் காற்று வீசியதும் அவர் உடம்பு சிலிர்க்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அது உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அறை குளிர்வதும் இதனால்தான்.

காரிலுள்ள ஏ.ஸி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பானை நீர் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடுகிறது. மறுபடி ஊற்ற வேண்டும். காரில் ஆவியாகும் பொருளோ மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த வேறுபாட்டை மறவாதீர்கள். ஏ.ஸி.யைப் பழுது பார்ப்பதற்குரிய விதிகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

நான்கு உறுப்புகள், ஒரு சுற்று

குழாய்களுக்குள் ஓடும் பொருளுக்குக் குளிர்பதனப் பொருள் என்று பெயர். மெக்கானிக்குகள் இதைச் சுருக்கமாக ‘கேஸ்’ என்பார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இது சுழிக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

முதலில் கம்ப்ரஸர் இந்த வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட வாயு சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அடுத்து, வண்டியின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்குள் அது செல்கிறது. அங்கே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு விரிவு வால்வின் சிறு துளை வழியே பீறிடுகிறது. அழுத்தம் சட்டென்று குறைகிறது. கடைசியாக, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஆவியாக்கியில் அது கொதித்து ஆவியாகி, வண்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது.

காரின் அடியில் சொட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்த நீராவி குளிர்ந்த ஆவியாக்கியின் மேல் பனித்து வடிவதுதான் அது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு வரும் கார், உச்சி வேளையில் காவிரிப் பாலத்தின்மேல் நெரிசலில் நின்றுவிட்டால் குளிர்ச்சி குறையும். வண்டி ஓடும்போது கண்டென்ஸர்மேல் மோதிய காற்று இப்போது இல்லை. விசிறி மட்டுமே துணை. அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

கேஸ் தீர்ந்துபோகுமா?

“ஏ.ஸி. குளிரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் நிரப்பிவிடுங்கள்” என்று கோடைதோறும் கேட்கிறோம். பெட்ரோல் எரிந்து தீர்வதுபோல் குளிர்பதனப் பொருள் தீர்வதில்லை. ரப்பர் குழாய்களின் வழியாகவும் இணைப்புகளின் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் மட்டும் மெல்லக் கசியலாம். ஒரே கோடையில் குளிர்ச்சி போய்விட்டது, கேஸும் குறைந்திருக்கிறது என்றால், எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும். பணம் வீணாவதோடு, கம்ப்ரஸரும் கெடும். ஏனெனில் அதற்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றிவருகிறது.

கசிந்த கேஸ் என்ன ஆகிறது? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் தமிழரான வீரபத்திரன் ராமநாதன். 1965-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற அவர், செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்பதனப் பொருள் ஏன் இவ்வளவு விரைவாகக் கசிகிறது என்று ஆராய்வதே அவருக்குத் தரப்பட்ட பணி. பின்னர் அமெரிக்கா சென்று வளிமண்டலத்தை ஆராய்ந்தார். அன்று பழக்கத்திலிருந்த குளோரோஃப்ளூரோகார்பன்கள் பூமியின் வெப்பத்தைப் போர்வைபோல் தடுத்து நிறுத்துகின்றன என்று 1975-இல் கண்டுபிடித்து வெளியிட்டார். அவற்றின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்ஸைடின் பல்லாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைத்தது!

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1974-இல், மோலினா, ரோலண்டு என்ற இரு வேதியியலார் இதே பொருள்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று அறிவித்திருந்தனர். 1985-இல் அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் குறைவு கண்டறியப்பட்டது. 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதில் 1992-இல் சேர்ந்தது. பழைய கார்களிலிருந்த ஆர்-12 இவ்வாறு விடைபெற்றது.

அதன் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்ஸைடைப்போல் சுமார் 1,400 மடங்கு வலிமையுடையது. ஒரு சிறு காரில் ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதைக் காற்றில் திறந்துவிடுவது 700 கிலோ கார்பன் டை ஆக்ஸைடை விடுவதற்குச் சமம். அதாவது, சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்தல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ ஏழு முறை போய்வந்துவிடலாம்! இப்பொருளையும் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலி திருத்தம் 2016-இல் உருவாயிற்று. இந்தியா அதை 2021-இல் ஏற்றது.

எங்கே ஆபத்து?

அழுத்தம்: கார் டயரில் நாம் அடைக்கும் காற்று வளிமண்டல அழுத்தத்தைவிடச் சுமார் 2 மடங்கு கூடுதல். 35 டிகிரி வெயிலில் எஞ்சின் ஓடாமல் சும்மா நிற்கும் காரின் ஏ.ஸி. குழாயில் அது சுமார் 8 மடங்கு. எஞ்சின் ஓடும்போது கோடையில் 15 மடங்குக்கு மேலும் போகும். ஆகவே, ‘வண்டியை அணைத்துவிட்டோமே’ என்று நட்டைக் கழற்றக் கூடாது.

குளிர்: பீறிடும் திரவம் தோலின்மேல் பட்டால் அங்கேயே கொதித்து, தசையை உறையச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இவ்வேலையைத் தொடலாகாது. பட்டுவிட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் நனைக்க வேண்டும். கண்ணானால் தூய நீரால் தொடர்ந்து கழுவியபடி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூச்சு: இவ்வாயு காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. பட்டறைப் பள்ளத்தில் தேங்கி, அங்குள்ள காற்றை வெளியே தள்ளிவிடும். மணமும் அவ்வளவாகத் தெரியாது. நெருப்பில் பட்டால் சிதைந்து நச்சுப் புகையாகும். எனவே அருகில் வெல்டிங்கும் கூடாது, பீடியும் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் உள்ள ஆர்-1234ஒய்எஃப் பூமியை மிகக் குறைவாகவே சூடாக்கும்; ஆனால் ஓரளவு தீப்பற்றக் கூடியது.

சுழலும் பாகங்கள்: மின்விசிறி, எஞ்சின் நின்ற பிறகும் தானே சுழலத் தொடங்கலாம். மின்சாரக் கார்களில் கம்ப்ரஸர் பல நூறு வோல்ட்டில் ஓடுகிறது. ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பயிற்சி பெற்றவர் தவிர வேறு எவரும் தொடக் கூடாது.

நல்ல பட்டறையில் நடக்கும் முறை

முதலில், உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் சேர்த்து எடை பார்ப்பார்கள். அடுத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு ஒருபோதும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளேயுள்ள எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும்.

கசிவை அடைத்து, டிரையரை மாற்றியபின், வெற்றிட பம்பை அரைமணி நேரமாவது ஓட்டுவார்கள். ஏன்? அழுத்தம் வளிமண்டலத்தில் 25-இல் ஒரு பங்குக்கும் கீழே போனால், நீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே புகுந்த ஈரம் இவ்வாறு வெளியேறுகிறது. ஈரம் தங்கினால் வால்வில் பனிக்கட்டி அடைக்கும். அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்தியபின் வெற்றிடம் அப்படியே நிலைக்கிறதா என்று பார்ப்பார்கள். இறுதியில், வண்டியின் முகப்பு மூடிக்கு அடியில் ஒட்டிய சீட்டில் குறித்துள்ள கேஸை, அதே அளவு எடைபோட்டு நிரப்புவார்கள். கூடுதலாக நிரப்பினால் குளிர்ச்சி கூடாது; அழுத்தம்தான் கூடும்.

ஹீட்டர் எவ்வாறு இயங்குகிறது?

ஹீட்டருக்குத் தனியாக நெருப்பு இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீரின் ஒரு பகுதி, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறு ரேடியேட்டரில் ஓடுகிறது. திருச்சியில் அதற்கு வேலை குறைவு. உதகைக்குப் போனால் தெரியும் அதன் அருமை. முன் இருக்கையின் கீழ் விரிப்பு நனைந்தாலோ, இனிப்பான வாடையோடு கண்ணாடியில் மூட்டம் படிந்தாலோ, அந்தச் சிறு ரேடியேட்டர் கசிகிறது என்று அறியலாம். குளிர்நீரில் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், கொதிநீர் முகத்தில் பீறிடும். கையால் தொடத்தக்க அளவு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஏ.ஸி.யைச் சோதிப்பதும், அப்படியே உள்ளே உறங்குவதும் உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

பெரியவர்கள் துணையோடு, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தபின், காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசு தட்டலாம், அழுக்கேறியிருந்தால் மாற்றலாம். எஞ்சின் நன்றாக ஆறியபின் கண்டென்ஸர்மேல் படிந்த புழுதியை மெல்லிய நீரோட்டத்தால் கழுவலாம். வெயிலில் நின்ற காரின் கதவுகளைத் திறந்து அனற்காற்றை வெளியேற்றியபின் ஏ.ஸி.யைப் போடலாம். குழாய் இணைப்புகளையும் கேஸ் உருளையையும் மட்டும் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஊசியில்லாத சிரிஞ்சில், கொதிக்கவைத்து 60 டிகிரிக்கு ஆறிய நீரைக் கால் பங்கு எடுங்கள். காற்றை வெளியேற்றி, முனையை அடைத்து, தண்டை வேகமாக இழுங்கள். நெருப்பே இல்லாமல் நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். சூட்டைக் கருதி இதை ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள்.

விடை காணுங்கள்

1. வெற்றிட பம்பு செய்யும் வேலைக்கும் இந்தச் சிரிஞ்சு சோதனைக்கும் என்ன தொடர்பு?
2. மண்பானை மழைக்காலத்தைவிடக் கோடையில் நன்றாகக் குளிர்வது ஏன்?
3. எஞ்சின் மிகையாகச் சூடேறும்போது ஹீட்டரை முழுமையாகத் திறந்தால் எஞ்சினுக்கு நன்மை உண்டு. எப்படி?
4. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள காரின் முகப்பு மூடிக்கு அடியில் உள்ள சீட்டைப் பெரியவர் துணையோடு படியுங்கள். எந்தக் குளிர்பதனப் பொருள், எத்தனை கிராம்? அத்தனையும் கசிந்தால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகும்?