மதராஸ் யுனைடெட் கிளப்: மரத்தடியில் தொடங்கிய கதை

உங்க காலேஜில் எத்தனை கிளப் இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கோடிங் கிளப், ரோபோட்டிக்ஸ், போட்டோகிராபி, தமிழ் மன்றம், கிரிக்கெட் டீம், வாலிபால் டீம்... விரல் பத்தாது. இதில் ஏதாவது ஒன்றை யார் தொடங்கினாங்க, எந்த வருஷம், எதுக்காகன்னு கேட்டால் பதில் வருமா? பெரும்பாலும் வராது. ஃபைனல் இயர் அண்ணன்கள் கிளம்பியதும் வாட்ஸ்அப் குரூப் அமைதியாகிவிடும். அடுத்த வருஷம் வேறு நாலு பேர், வேறு லோகோ, புது இனாகுரேஷன். மறுபடி முதலில் இருந்து.

ஒரு கிளப் ஏன் பிறக்கிறது, எதனால் நிலைக்கிறது? இதைப் புரிந்துகொள்ள சென்னையில் 1888-ல் தொடங்கிய ஒரு விளையாட்டு கிளப்பின் வரலாறு நல்ல பாடம். பெயர் மதராஸ் யுனைடெட் கிளப். அது பிறக்கக் காரணம் ஒரு மதியச் சாப்பாடு.

பெவிலியனுக்கு வெளியே

மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது. 1865 வாக்கில் சேப்பாக்கத்துக்கு வந்தது. இன்று சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும்போது நாம விசில் அடிக்கிறோமே, அதே இடம்தான். அப்போது உறுப்பினர்கள் எல்லாரும் ஐரோப்பியர்கள்: அதிகாரிகள், ராணுவத்தினர், வணிகர்கள். இந்தியர்களுக்கு உறுப்பினர் ஆகும் உரிமை கிடையாது.

இந்தியர்கள் அங்கே போய் ஆடலாம். ஆனால் பெவிலியனுக்குள் நுழைய முடியாது. சாப்பாட்டு நேரம் வந்தால் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களோடு அதே வெயிலில், அதே பிட்ச்சில் ஆடிய இந்திய ஆட்டக்காரர்கள் வெளியே மரத்தடியில் சாப்பிடணும். மதராஸ் கிரிக்கெட் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விஷயம் இது.

"நிழல்தானே, எங்கே உட்கார்ந்தால் என்ன?" என்று தோணலாம். பெவிலியன் வெறும் நிழல் இல்லை. ஆட்டம் முடிந்ததும் பேச்சு நடப்பது அங்கேதான். அடுத்த மேட்ச் யாரோடு, டீமில் யார், கிளப்புக்கு யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவாகும். மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு அந்தப் பேச்சு காதில் விழாது.

இருபது வயதில் ஒரு கிளப்

இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போனவர் எம். வெங்கடமகிபதி நாயுடு. ஊரே கூப்பிட்ட பெயர் புச்சி பாபு. பிறந்தது 1868. கிளப்பைத் தொடங்கியது 1888. கணக்குப் போட்டுப் பாருங்க, 20 வயது. உங்க தேர்ட் இயர் வயது.

உடனே நம்மோடு ஒப்பிட்டுவிடவும் கூடாது. அவர் வசதியான வீட்டுப் பிள்ளை. அவரைத் தத்தெடுத்து வளர்த்த தாத்தா பாரி கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். வெள்ளைக்கார வணிகர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேரம் முடித்துக் கொடுப்பவர். மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய வீடு. இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. இத்தனை இருந்தும் அவருடைய ஆட்களுக்குச் சேப்பாக்கத்தில் கிடைத்த இடம் மரத்தடிதான். பணமும் மொழியும் இருந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

அவர் முன்னால் சில வழிகள் இருந்தன. மனு எழுதலாம். இனி அங்கே ஆட மாட்டோம் என்று ஒதுங்கலாம். அவர் எடுத்த வழி, நமக்கென்று ஒரு இடம் வேண்டும் என்பது. கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவில் இருந்த எஸ்பிளனேடு வெளியில் கிளப்புக்கு மைதானம் அமைந்தது. இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். பேட், பேட்ஸ், கிளவுஸ் எல்லாம் கிடைக்க வழி செய்தார்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீங்க. கிரிக்கெட் சாமான் இன்றைக்கே விலை அதிகம். அன்றைக்குக் கப்பலில் வரணும். ஒரு குமாஸ்தா வீட்டுப் பையனால் வாங்க முடியாது. சாமான் கிளப்புடையது என்று ஆனதும், ஆடத் தெரிந்தால் போதும், வாங்க வசதி தேவையில்லை என்ற நிலை வந்தது. "யுனைடெட்" என்ற பெயருக்கு அங்கேதான் அர்த்தம் கிடைத்தது.

1908: ஆள் இல்லை, ஆட்டம் நடந்தது

கிளப் தொடங்கியதும் அடுத்த கேள்வி: யாரோடு ஆடுவது? நமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் நம்ம தரம் நமக்கே தெரியாது. ஐரோப்பியர்களோடு சமமாக, ஒரு டீமுக்கு எதிராக இன்னொரு டீமாக ஆட வேண்டும் என்பது புச்சி பாபுவின் எண்ணம். அதற்கு எதிர்த்தரப்பை ஒத்துக்கொள்ள வைக்கணும். கிளப் தொடங்கி 20 வருஷம் கழித்து, 1908-ல்தான் ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதும் ஆட்டம் ஏற்பாடானது. இந்திய அணிக்குத் தலைவர் அவரே.

ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் புச்சி பாபு இறந்துபோனார். வயது 40.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. நம்ம காலேஜ் கிளப்பாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? "மெயின் ஆளே இல்லை, இந்த வருஷம் வேண்டாம்" என்றிருப்போம். அங்கே அப்படி நடக்கவில்லை. பி. சுப்பிரமணியம் தலைமையில் இந்திய அணி இறங்கியது. ஆட்டம் நடந்தது. ஒரு மனிதரின் ஆசையாக இருந்தது, அன்றைக்கு ஒரு அமைப்பாக மாறியது.

அந்த ஆட்டம்தான் பின்னால் பிரெசிடென்சி மேட்ச் என்று பெயர் பெற்றது. 1915-16 முதல் முதல்தர ஆட்டமாகக் கணக்கில் வந்தது. பொங்கலை ஒட்டி நடப்பதால் ஊரில் அதற்குப் பொங்கல் மேட்ச் என்றே பெயர். சுதந்திரம் வந்த பிறகும் நடந்து, 1951-52 சீசனோடு நின்றது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதன் சூட்சுமத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்துக்கு வருஷா வருஷம் யாரும் மீட்டிங் போட்டு "இந்தத் தடவை வைக்கலாமா?" என்று கேட்பதில்லை. நாள் வந்தால் மலையில் தீபம் ஏறும். பொங்கலோடு கட்டி வைத்ததால் மேட்ச்சுக்கும் அந்தப் பலம் கிடைத்தது.

அதே காலத்தில் பிராகில்

இப்படி ஒரு கிளப் மூலமாகத் தன்மானம் தேடிய கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அன்றைக்குச் செக் மக்களுக்குத் தனி நாடு கிடையாது. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தார்கள். ஆட்சி வியன்னாவில். 1892-ல், அதாவது நம்ம மதராஸ் கிளப்புக்கு நாலு வருஷம் கழித்து, பிராகில் செக் மாணவர்கள் ஸ்லாவியா என்ற விளையாட்டு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆரம்பம் சைக்கிள் ஓட்ட. பிறகு கால்பந்து வந்தது, ஐஸ் ஹாக்கி வந்தது.

1908-ல் பாரிஸில் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு உருவானது. அதே வருஷம் போஹீமியா, அதாவது செக் பகுதி, தன் சொந்தப் பெயரில் அதில் உறுப்பினர் ஆனது. 1911-ல் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தையும் வென்றது. செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்தது 1918-ல். உலக வரைபடத்தில் இடம் கிடைப்பதற்கு 10 வருஷம் முன்பே பனித்தரையில் இடம் பிடித்துவிட்டார்கள்.

இரண்டு ஊருக்கும் பாஷை வேறு, ஆட்டம் வேறு, தட்பவெப்பம் சுத்தமாக வேறு. ஆனால் 1908 என்ற ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: எங்களை எங்கள் பெயரிலேயே எதிரணியாக ஏற்றுக்கொள்.

நம்ம பக்கத்து மரத்தடி

இதுவரை படித்தால் கதை சுலபமாகத் தெரியும்: வெள்ளைக்காரன் ஒதுக்கினான், நாம ஜெயித்தோம். முழு வரலாறு அவ்வளவு சுலபம் இல்லை.

பல்வங்கர் பாலு என்று ஒரு சுழற்பந்து வீச்சாளர். 1876-ல் பிறந்தவர், தலித் குடும்பம். புனேயில் ஐரோப்பியர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்துக்கொண்டே, வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி ஆட்டத்தைக் கற்றார். அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தனி மண் குவளையில்தான் டீ. கொடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, சொந்த டீம்காரர்கள். அதே பாலு 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார்.

மரத்தடிக்குத் தள்ளப்பட்டவர்களும் இன்னொருவருக்கு மரத்தடியைக் காட்ட முடியும் என்பதைத்தான் இது சொல்கிறது. பௌர்ணமி அன்று நம்ம கிரிவலப் பாதையில் அன்னதான வரிசையைப் பாருங்க. முன்னால் நிற்பது யார், எந்த ஊர் என்று கேட்காமல் தொன்னையில் சாதம் விழும். ஒரு கிளப்பின் சாப்பாட்டு நேரம் அப்படி இருக்கிறதா என்பது, அது வாங்கிய கோப்பைகளை விட முக்கியமான கணக்கு.

பிறகு என்ன ஆச்சு?

புச்சி பாபு பெயரில் 1909-ல் தொடங்கிய போட்டி பின்னால் அகில இந்தியப் போட்டியாக வளர்ந்தது. சில வருஷம் நின்றிருந்து, 2023-ல் மறுபடி உயிர் பெற்றது.

அவர் மகன்கள் மதராஸுக்காக ஆடினார்கள். அவர்களில் ஒருவர் கோட்டா ராமசாமி. தாய்வழித் தாத்தா குடும்பத்துக்குத் தத்துப் போனதால் பெயர் மாறியது. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936-ல் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 40. எடுத்த ரன் 40, 60.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று அதே சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, கிரிக்கெட் டீமோடு இங்கிலாந்தா என்று வந்தபோது இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவருக்கு அங்கே ஒரு டெஸ்ட் வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவருடைய திறமையைக் கண்டுபிடித்து வளர்த்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். சுவர் இரண்டு பக்கத்திலிருந்தும் கரைந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

1952 பிப்ரவரி 10. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. எதிரணி இங்கிலாந்து. இடம் சேப்பாக்கம்.

நமக்கு என்ன?

இந்த வரலாற்றிலிருந்து உங்க கிளப்புக்கு எடுத்துக்கொள்ள நாலு விஷயம்:

1. சாமான் கிளப்புடையதாக இருக்கட்டும். சீனியரின் சொந்த பேட்டும், ஒருத்தர் லேப்டாப்பும் நம்பி ஓடும் கிளப் அவரோடு போய்விடும்.

2. வருஷத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்காவது மாறாத நாள் வையுங்க. யார் செயலாளர் என்றாலும் அந்த நாள் வந்தால் அது நடக்கணும்.

3. எதிரணியைத் தேடுங்க. நம்மைவிடப் பலமான காலேஜோடு ஆட ஒரு கடிதம் எழுதுங்க. பதில் வர வருஷம் ஆகலாம். அவருக்கு 20 ஆச்சு.

4. மரத்தடியில் யார் என்று பாருங்க. சாயங்காலம் கிரவுண்டில் பெண்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் டே ஸ்காலர் எந்த கிளப் மீட்டிங்குக்கு வர முடிகிறது? தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன் டெக் கிளப்பில் வாய் திறக்கிறானா? யாரும் அவர்களை வராதே என்று சொல்லவில்லைதான். மீட்டிங் நேரத்தையும் பேசும் மொழியையும் நாம வைத்திருக்கும் விதமே அவர்களை வெளியே நிறுத்திவிடும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பத்து நிமிஷம் போதும். ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் உங்க கிளப் எப்போது, யாரால், ஏன் தொடங்கியது என்று கேட்டு எழுதி வையுங்க. பாஸ் அவுட் ஆன அண்ணன், அக்காவுக்கு ஒரு போன் பண்ணினால் சொல்லிவிடுவார்கள். அடுத்த பேட்ச் வரும்போது அந்த நோட்டை அவர்கள் கையில் கொடுங்க.