புதுப்பித்த பின்னும் எஞ்சும் பழைய லைப்ரரிகள்

லினக்ஸ் இயங்குதளத்திற் பல செயலிகள் 'லைப்ரரி' எனப்படும் நிரற்றொகுதிகளைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. ஒன்றைத் திருத்தின் அதனை நம்பிய யாவும் திருந்தும். ஆயின் பழைய பிரதி எங்கேனும் எஞ்சியிருப்பின் அப்பயன் கிட்டாது.

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் அஃதிருந்தது. சேவையகத்தின் நினைவகத்திலுள்ள இரகசியங்களை அயலார் படிக்க வழிவிட்டது. திருத்திய பொதியை நிறுவியதும் கவலை தீர்ந்ததென எண்ணலாகாது. ஓடிக்கொண்டிருக்கும் செயலி, மீளத் தொடக்கப்படும்வரை பழைய பிரதியையே பற்றிநிற்கும். மேலும், முன்னொருகால் நாமே தொகுத்து 'யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்' அடைவில் இட்ட அதே பெயருடைய பிரதி, டெபியன் போன்ற தளங்களிற் பொதிவழி வந்ததனை முந்திக்கொள்ளும். பொதி மேலாளரோ இதனை அறியாது. யாவும் புதியன என்றே உரைக்கும்!

ஆதலின், செயலி எவ்வடைவிலிருந்து லைப்ரரியை ஏற்றுகின்றதென 'எல்டிடி' கட்டளையாற் காண்க. எச்சத்தை உடனே அழித்தல் தகாது. வேறொரு செயலி அதனை நம்பியிருத்தல் கூடும். அதனை வேறிடத்திற்கு அகற்றி, 'எல்டிகான்ஃபிக்' கட்டளையால் இடக்குறிப்புகளைப் புதுக்கி, செயலியை மீளத் தொடக்கிப் பார்த்தலே முறை. பழம்பெயரைப் புதுக்கோப்புடன் இணைத்துவிடும் குறுக்குவழியைச் சிலர் போற்றுவர், நாம் போற்றோம். இடைமுகம் மாறியிருப்பின் செயலி இடைநடுவே முறிந்துவிடும்.