கோட்புஸ் போகும் பாப்பாவுக்கு

செங்கல்பட்டு

அன்புள்ள பாப்பா,

ஜெர்மனியில் கோட்புஸ் பல்கலைக்கழகத்தில் உலகப் பாரம்பரியப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று உங்கப்பா போனில் சொன்னான். சிற்பக்கூடத்தில் கல் அறுக்கிற சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னான். ரொம்ப சந்தோஷம். 1999இல் தொடங்கிய படிப்பு, நாலு செமஸ்டர், பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில். நீ அக்டோபரில் கிளம்புவதற்குள் ஊரே உனக்கு யோசனை சொல்லும். பெரும்பாலும் பெட்டிக்குள் என்ன வைப்பது என்றுதான் சொல்வார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பால், இறைச்சிப் பண்டங்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போகக் கூடாது. நெய் ஜாடியை உங்கம்மா கட்டி வைப்பதற்குள் இதை நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் சண்டை வரும்.

பணத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, வங்கியில் கல்விக்கடன் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஜெர்மனி விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போடச் சொல்கிறார்கள். அவ்வப்போது ஏற்றுகிற தொகை அது, மனு போடும் அன்று ஒருமுறை சரிபார். நம் பணத்தில் பன்னிரண்டு லட்சம் அளவு. அதை மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதனால் அறைக்கு முன்பணம், முதல் மாதச் சாப்பாடு, போர்வை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் தனியாகக் கொஞ்சம் வேண்டும். கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை இல்லை என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்த மட்டும் அதை மாதாமாதம் கட்டிவிடச் சொல் உங்கப்பாவிடம். வேலை கிடைத்த பிறகு கடன் தொகையைப் பார்த்து மலைத்துப்போன பிள்ளைகளை என் மேசைக்கு எதிரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கணித மேதை ராமானுஜன் வெளிநாடு போன கதை. 1914 மார்ச் 17ஆம் தேதி அவர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அதற்கு முன் அவரைத் தயார் செய்தார்கள்: குடுமியை எடுத்தார்கள், கோட்டு மாட்டினார்கள், முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கப் பழக்கினார்கள். கேம்பிரிட்ஜ் போனபின் ராத்திரியில் குளிர் தாங்கவில்லை. ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறார். பின்னாளில் புள்ளியியல் மேதையான மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அறைக்கு வந்தவர் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கடியில் இறுகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு, கட்டிலிலேயே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மற்றவர் கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் பயிற்சி கொடுத்தவர்களுக்கு, கதவைச் சாத்தியபின் அந்த மனிதர் எப்படித் தூங்குவார் என்று தோன்றவே இல்லை, பார்.

எனவே கேட்கப் பழகு, அதுவும் இங்கிருக்கும்போதே. 'அவங்க என்ன நெனைப்பாங்க' என்பது நம் குடும்பத்து வியாதி. ஹீட்டரை எப்படித் திருப்புவது, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருந்தால் என்ன செய்வது என்று, அங்கே படிக்கிற பிள்ளைகள் யாராவது கிடைத்தால் கூசாமல் கேள். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுப் பதில் வராவிட்டால் மறுவாரம் மறுபடி போடு. ஜெர்மன் மொழியும் கொஞ்சமாவது வேண்டும். பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஆங்கிலம் பேசுவார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஜெர்மன் வகுப்பு நடக்கிற நுங்கம்பாக்கம் மாக்ஸ்முல்லர் பவனுக்கு செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் போதும், மாறவே வேண்டாம். நம் வீட்டில் தங்கிக்கொண்டு போய் வா.

படிப்புக்கான தயாரிப்பு உன் தெருவிலேயே இருக்கிறது. உன் ஊர் மாமல்லபுரத்தைப் பற்றிப் பேசு என்று வகுப்பில் சொன்னால் பல்லவ அரசர் வரிசையை ஒப்பிக்காதே, அது புத்தகத்திலேயே இருக்கிறது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊரில் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பது உனக்குத்தான் தெரியும். நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம் என்று 2010 முதல் சட்டம். பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அந்த வட்டத்துக்குள் இருக்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, ஒழுகுகிற கூரையை மாற்ற எந்தெந்த அலுவலகம் அலைந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிறவர்களிடம் பேசு. உளி போய் மெஷின் வந்ததில் கூலி என்ன ஆனது என்று உங்கப்பாவிடம் கேள், அவன் சொல்லாமல் மழுப்புவான், விடாதே. ஒரு நோட்டு நிறைய இதைக் கொண்டுபோனால் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியிருக்காது. கோட்புஸில் தெருப்பெயர்ப் பலகையில் ஜெர்மனோடு சோர்பிய மொழியும் இருக்குமாம். சிறிய மொழிக்காரர்கள், அவர்களிடமும் உனக்குக் கதை கிடைக்கும்.

கடைசியாக, அறை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் கேட்பார்கள். அந்தத் தாள் தரமாட்டேன் என்கிறவர் வீடு வேண்டாம். சாவியைக் காட்டாமல் முன்பணம் கேட்கிறவன் மோசடிக்காரன், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். மாணவர் விடுதிதான் பத்திரம், அதற்குக் காத்திருப்போர் வரிசை நீளும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு விடுதி விண்ணப்பத்தை இன்றைக்கே போட்டுவிடு. போட்டதும் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா