ஃபில்டர் திறக்காத காலை

பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தோடு இறுகிக்கொள்வது எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். ஒரு திருகு திருகினால் விட்டுவிடும். அன்றைக்கு விடவில்லை. அழுத்திப் பிடித்துத் திருகியதும் வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, சுரீரென்று ஒரு வலி முழங்கை வரைக்கும் ஏறியது. ஃபில்டரை மேடையில் வைத்துவிட்டு நின்றேன். இவர் வந்து திறந்து கொடுத்தார். காபியைக் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரி நான். திம்பம் மலை ஏறி மைசூருக்கு வந்து 13 வருஷமாகிறது. இங்கே மானசகங்கோத்ரியில், 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. தேசிய மொழிபெயர்ப்புத் திட்டமும் அங்கிருந்துதான் நடக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, தட்டச்சு என்று எழுத்தை வைத்தே பிழைக்கிறவர்களை இந்த ஊரில் சாதாரணமாகப் பார்க்கலாம். நானும் அந்த வகைதான். கன்னடத்திலிருந்து தமிழுக்கு, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, வீட்டிலிருந்தபடியே, பக்கக் கணக்கில் கூலி. கை நின்றால் வரும்படியும் நின்றுவிடும். வலியைச் சொல்லாமல் நான்கு மாதம் ஓட்டியதற்கு அதுதான் காரணம்.

அம்மாவுக்கு மட்டும் போனில் குரலை வைத்தே தெரிந்துவிட்டது. “என்ன கண்ணு, கைக்குத் தைலம் கிய்லம் போட்டயா?” போட்டேன். தைலத்தின் வாசனை விசைப்பலகையில் ஒட்டியதுதான் மிச்சம்.

பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தேன். இரவு 11 மணிக்குப் படுத்தபடியே செல்போனில் தேடி, செங்குத்தாக நிற்கும் மவுஸ் ஒன்றை வரவழைத்தேன். கை குலுக்குவது போலப் பிடிக்கிற மவுஸ். அதன் தத்துவம் நியாயமானதே. சாதாரண மவுஸைப் பிடிக்க உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் கவிழ்க்க வேண்டும். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகத் திரும்பி, நாள் முழுக்க அப்படியே நிற்கும். செங்குத்து மவுஸ் அந்த முறுக்கைத் தளர்த்துகிறது. ஆனால் நான் வாங்கியது பெரிய கைக்கான அளவு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் என் கை 16.5 சென்டிமீட்டர்தான். பொத்தான் எட்டாமல் விரல்களை நீட்டி, மவுஸ் நழுவாமலிருக்கக் கட்டைவிரலால் இறுக்கி, பத்தே நாளில் கட்டைவிரல் அடியில் புது வலி. திருப்பி அனுப்பப் பார்த்தால் ‘மாற்றித் தர மட்டுமே முடியும், பணம் கிடையாது’ என்று வந்தது. வாங்கும் முன் கையை ஸ்கேலில் அளந்து, திருப்பும் விதியையும் படித்திருந்தால் ஐயாயிரம் சொச்சம் மிச்சமாகியிருக்கும். லாஜிடெக் என்ற ஒரே நிறுவனத்திலேயே எம்எக்ஸ் வெர்ட்டிகல், சின்ன கைகளுக்கென்று லிஃப்ட், அதிலேயே இடக்கைக்காரர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கெட்டிக்காரத்தனம், பழைய மவுஸை இடது கைக்கு மாற்றியது. முதல் வாரம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது வாரம் இடது மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கியது.

இதே கதையை 300 வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ல் முதன்முதலாக ஒரு முழுப் புத்தகம் போட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, 1713-ல் வந்த அடுத்த பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப்பாரம் என்று மூன்று காரணங்களைச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு எழுத்தருக்கு வலது கை விழுந்துவிட, அந்த மனிதர் விடாப்பிடியாக இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாராம். கொஞ்ச நாளில் இடது கைக்கும் அதே நோய். படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

பயம்தான் என்னை இயன்முறை மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டது. கன்னடக்காரப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். கையை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். விரல் மரத்துப்போகிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுகிறீர்களா, கையிலிருந்து பாத்திரம் நழுவுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்தால், மணிக்கட்டுச் சுரங்கத்தில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம், அதற்கு மவுஸ் தேடக் கூடாது, டாக்டரைத் தேட வேண்டும் என்றார். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. தசையும் தசைநாரும் களைத்த வலி. பிறகு, “அடுத்த முறை வரும்போது நீங்கள் வேலை செய்கிற மேசையைப் பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுத்து வாருங்கள்” என்றார். கையைப் பார்த்ததைவிட அந்தப் போட்டோவை அதிக நேரம் பார்த்தார்.

நான் உட்கார்ந்தது சாப்பாட்டு மேசையில். சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். என் உயரம் 5 அடி 1 அங்குலம். மேசைக்கு எட்ட வேண்டும் என்று தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, விரலை மேலே வளைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு விசைப்பலகையின் பின்பக்கக் கால்கள் இரண்டையும் நிமிர்த்தி வைத்திருந்தேன், எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று. அந்தக் கால்கள் மணிக்கட்டை இன்னும் பின்னால் மடக்குகிறவை. மடக்கிப் போட்டேன், காசு செலவில்லாத முதல் வைத்தியம்.

நாற்காலியை உயர்த்தினால் முழங்கை மேசைக்குச் சமமாக வந்தது, ஆனால் பாதம் அந்தரத்தில் தொங்கியது. வீட்டில் சும்மா கிடந்த பலகை மணையைக் காலுக்குப் போட்டேன். கல்யாணத்துக்கு வாங்கிய மணை, இப்போது அதற்கு உத்தியோகம் கிடைத்தது. மேசை விளிம்பு உறுத்தாமலிருக்க ஈரிழைத் துண்டை நான்காக மடித்து முன்கைக்குக் கீழே வைத்தேன். ஜெல் திண்டு என்று கடையில் விற்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் தட்டும்போது மணிக்கட்டை எதிலும் ஊன்றக் கூடாது, நிறுத்தி யோசிக்கும்போது மட்டும் சாய்த்துக்கொள்ளலாம்.

போட்டோவில் அவர் விரல் வைத்துக் காட்டிய இன்னொன்று, எண் பட்டை. விசைப்பலகையின் வலது ஓரத்தில் கால்குலேட்டர் போல இருக்குமே, அது. வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது உயிர். நான் மாதத்துக்கு ஒரு முறை தொட்டால் அதிகம். அது அடைத்துக்கொண்டிருந்த இடத்தால் மவுஸ் ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் தோளிலிருந்து கையை வெளியே வீசிப் பிடித்திருக்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவையோ. எண் பட்டை இல்லாத சின்ன விசைப்பலகை ஒன்றை வாங்கினேன். மவுஸ் உடம்பருகே வந்தது. தோள்வலி முதலில் போனது அதனால்தான். நான் கொடுத்த காசில் பலன் தந்த முதல் காசு அது.

விசையின் கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபியில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் நான். அந்த இரும்பு இயந்திரத்தில் ஓங்கி அடித்தால்தான் எழுத்து விழும். இயந்திரம் போய் இத்தனை வருஷமாகியும் அடி போகவில்லை. விசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சுகளில், செர்ரி சிவப்பு என்று சொல்லும் இலகுவான வகை 45 கிராம் அழுத்தத்துக்கே எழுத்தைப் பதித்துவிடும். நானோ அடிமட்டம் வரைக்கும் குத்திக்கொண்டிருந்தேன். மெதுவாகத் தொடப் பழகியது எந்தக் கருவியும் தராத நிம்மதி. டக் டக்கென்று சத்தம் போடும் நீல ஸ்விட்சை மட்டும் வாங்காதீர்கள். கைக்கு ஒன்றும் ஆகாது, வீட்டில் சண்டை வரும்.

எங்கள் தெருவில் கல்வெட்டுத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் பல்லாண்டுகளாக இந்த ஊரில் இருந்ததும் அதனால்தான். ஒரு நாள் மாலை குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும்போது, “என்னம்மா, கையை உதறிக்கிட்டே வர்றீங்க?” என்றார். சொன்னேன். “ஈரக் காகிதத்தைக் கல்லு மேல ஒட்டி பிரஷால அடிப்போம். புதுசா வர்ற பையன் மணிக்கட்டால அடிப்பான், மத்தியானத்துக்குள்ள ஓய்ஞ்சிடுவான். நாங்க முழங்கையிலேருந்து அடிப்போம், கை அதும்பாட்டுக்கு ஆடும்.” மவுஸுக்கும் அது அப்படியே பொருந்தியது. மணிக்கட்டை ஊன்றி விசிறி மாதிரி ஆட்டாமல் முழங்கையிலிருந்து நகர்த்துகிறேன். திரையில் அம்பின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

இரண்டாகப் பிளந்த விசைப்பலகையையும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், நண்பர் ஒருவரிடம் இரண்டு வாரம் கடன் வாங்கியும் தட்டியிருக்கிறேன். மணிக்கட்டு வெளிப்பக்கம் ஒடியாமல் நேராக நிற்கிறது, உண்மை. அகன்ற தோள்காரர்களுக்கு வரப்பிரசாதமாக இருக்கும். எனக்குத் தோளும் குறுகல், பையும் குறுகல், திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிளவு எங்கே விழுகிறது என்று பார்த்து வாங்குங்கள். ஆங்கில ‘B’ விசை பெரும்பாலும் இடது பாதியோடு போய்விடும்; அதை வலது கையால் தட்டிப் பழகியவர்கள் வெறும் மேசையைத் தட்டுவார்கள். கட்டைவிரலால் உருட்டும் பந்து மவுஸ் இடம் அடைக்காது, ஆனால் எனக்கு ஏற்கெனவே கட்டைவிரல் நொந்திருந்ததால் அந்தப் பக்கமே போகவில்லை.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு விசைப்பலகையைவிட விசை அமைப்பு முக்கியம் என்பது என் கட்சி. ஆங்கில எழுத்தை வைத்து ஒலிப்படி தட்டிக்கொண்டிருந்தவள் நான். ‘வணக்கம்’ என்று எழுத 8 தட்டு, ‘ண’வுக்கு ஷிப்ட் வேறு, ஆக 9. ண, ள, ற என்று வரும் போதெல்லாம் ஷிப்டைப் பிடித்து அமுக்கியது சுண்டுவிரல். ஃபில்டர் திறக்காத காலையில் வலித்தது எந்தப் பக்கம் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் அதே சொல்லுக்கு 6 தட்டுதான். உயிரெழுத்து பூராவும் இடது கையில், மெய்யில் பெரும்பங்கு வலது கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினாலும், ‘ந்த’ போல இன மெய்கள் அடுத்தடுத்து வந்தாலும் புள்ளி தானாக விழும். ‘பந்து’வுக்கு 4 தட்டு, ஒலிப்படி என்றால் 6. எழுத்துகளில் கிரந்தத்துக்கும் ஆய்தத்துக்கும் மட்டுமே ஷிப்ட். குறை இல்லாமலில்லை: ச, ண, ந, ய, ழ எல்லாம் வலது சுண்டுவிரல் தலையிலேயே விழுகின்றன. ஆனாலும் மொத்தத் தட்டு குறைகிறது. மூன்று வாரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலத் தடவினேன். ஒரு வேலையைத் தாமதமாகக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். இரண்டாம் மாதம் பழைய வேகம் வந்தது. வேலை நெருக்கடி இல்லாத மாதமாகப் பார்த்து மாறுங்கள்.

இப்போது 40 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து அடுப்படி வரைக்கும் போய்வருகிறேன். தேங்காய் துருவுவதும் ஈரத் துணி பிழிவதும் தட்டச்சு நாளில் இல்லை, அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. பெரிய செங்குத்து மவுஸ் இவர் கைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. நான் சாதாரண மவுஸோடேயே இருக்கிறேன், உடம்பருகே வைத்து.

வலி போய் ஆறு மாதம். ஃபில்டரை இன்னும் இவர்தான் திறக்கிறார். என்னால் முடியும் என்று நான் சொல்லவில்லை.